திண்ணைக் கேள்விகள்: என் மகனை ‘ரா’ கூப்பிடுகிறதாமே?

இந்த மாதம் வந்த கடிதங்களில் ஆறு, ஒரே விஷயத்தைச் சுற்றி வந்திருக்கின்றன. எப்போதும் போல வீட்டு வரி, வாரிசுச் சான்றிதழ், ஆத்தங்குடிக் கல்லில் ஏன் உப்புப் பூக்கிறது என்று கலந்துகட்டிப் பதில் சொல்லாமல், இந்த முறை அந்த ஆறை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் ‘ஐபி’ என்று சொல்லப்படும் மத்திய உளவுத்துறையில் முப்பத்திரண்டு வருஷம் இருந்து ஓய்வு பெற்றவன். அதில் பெரும்பகுதி மீனம்பாக்கம் விமான நிலையத்தில் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தியதுதான். குடிநுழைவுக் கவுன்டரில் ஐபி ஆட்கள் உட்கார்வது வெகுகால வழக்கம். பலருக்கு அது தெரியாது. ஆகவே துப்பாக்கி, மாறுவேடம் எதிர்பார்ப்பவர்கள் தொடர்கதைப் பக்கத்துக்குப் போய்விடலாம்.

கேள்வி: என் மகனுக்கு 15 வயது, பத்தாம் வகுப்பு. ‘ரா’ உளவு அமைப்பின் மாணவர் பிரிவுக்குத் தேர்வாகிவிட்டதாக அவன் போனுக்குச் செய்தி வந்ததாம். எனக்குத் தெரியாமல் என் கணக்கிலிருந்து 4,999 ரூபாய் கட்டியிருக்கிறான். பயிற்சி என்று சொல்லி ரயில் நிலையத்தை நாலு பக்கமும் படம் எடுத்து அனுப்பச் சொன்னார்களாம், அதையும் அனுப்பிவிட்டான். அம்மா அப்பாவிடம் சொன்னால் தேர்வு ரத்தாம். அவன் அப்பா சிங்கப்பூரில் இருக்கிறார். இந்த வயதில் உண்மையிலேயே எடுப்பார்களா?
– பெயர் வேண்டாம் என்ற ஆச்சி, கோட்டையூர்

பதில்: ஆச்சி, முதலில் பணத்தைப் பாருங்கள், மற்றதை அப்புறம் பேசலாம். இந்தக் கடிதம் கிடைத்த அன்றே உங்களுக்குப் போன் செய்து சொன்னதை மற்றவர்களுக்காகத் திரும்ப எழுதுகிறேன். இணைய மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்கு அழைத்துப் புகார் பதிய வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணம் போன கணக்கை முடக்க வாய்ப்பு உண்டு. வங்கிக்கும் சொல்லுங்கள். பையன் பயத்தில் செய்திகளை அழித்துவிடுவான், அழிக்க விடாதீர்கள். அவை இருந்தால்தான் புகாருக்கு உயிர்.

இனி உங்கள் கேள்வி. எடுக்க மாட்டார்கள். ஐபியில் பத்தாம் வகுப்பு முடித்தவர்களுக்கு ‘செக்யூரிட்டி அசிஸ்டென்ட்’ என்று ஒரு வேலை உண்டு, பட்டதாரிகளுக்கு ‘ஏசிஐஓ’ என்று ஒன்று உண்டு. இரண்டுக்கும் குறைந்தபட்ச வயது 18. மத்திய உள்துறை அமைச்சகத்தின் இணையதளத்தில் வெளிப்படையாக அறிவிப்பு வரும், எம்ப்ளாய்மென்ட் நியூஸில் வரும், நாம்தான் விண்ணப்பிக்க வேண்டும். ‘ரா’ சமாச்சாரம் வேறு. சீனப் போர், பாகிஸ்தான் போர் இரண்டுக்கும் பிறகு, வெளிநாட்டு விவகாரங்களுக்கென்று 1968 செப்டம்பரில் ஐபியிலிருந்து பிரித்து உருவாக்கிய அமைப்பு அது. முதல் தலைவர் ஆர்.என்.காவ். அதற்கு ஏற்கெனவே அரசுப் பணியில் இருக்கும் அதிகாரிகளிலிருந்து ஆள் போவார்கள், சொந்தப் பணிப்பிரிவும் உண்டு. சில தொழில்நுட்ப வேலைகளுக்குக் கேபினட் செயலகம் விளம்பரம் கொடுக்கும், அதற்கும் பொறியியலோ அறிவியலோ முடித்து ‘கேட்’ (GATE) தேர்வு எழுதியிருக்க வேண்டும். கோட்டையூர்ப் பத்தாம் வகுப்புப் பையனின் போனுக்குச் செய்தி அனுப்பி 4,999 வாங்கும் பிரிவு எதிலும் கிடையாது.

எனக்கு இந்தக் கடிதத்தில் உறுத்திய வரி, “அம்மா அப்பாவிடம் சொன்னால் ரத்து” என்பதுதான். ஆச்சி, நிஜமான வேலை அப்படி நடக்காது. நான் தேர்வானபோது நடத்தை விசாரிக்க ஒருவர் வீட்டுக்கே வந்தார். எங்கள் வளவில், உள்முற்றத்துத் தூணில் சாய்ந்து உட்கார்ந்து இரண்டு டம்ளர் காபி குடித்தார். அப்பச்சியிடம், அப்பாதான், “பையன் கடன் வாங்குவானா?” என்று கேட்டார். எதிர்வீட்டு ஆச்சியிடம் நான் யார் யாரோடு சுற்றுகிறேன் என்று விசாரித்தார். மளிகைக் கடையில் பாக்கி இருக்கிறதா என்று பார்த்தார். அவர் பஸ் ஏறுவதற்குள் கொப்புடையம்மன் கோயில் தெரு வரைக்கும் சேதி போய்விட்டது. வீட்டுக்கும் ஊருக்கும் தெரியாமல் உளவுத்துறை வேலைக்குச் சேர்வதற்கு வழியே இல்லை. தெரியக் கூடாது என்று ஒருவன் சொன்னால் அவன் உளவுத்துறை ஆள் இல்லை.

பணத்தோடு போயிருந்தால் வெறும் மோசடி என்று விட்டுவிடுவேன். அந்த ரயில் நிலையப் படம்தான் எனக்குப் பிடிக்கவில்லை. பையன் காசைக் கட்டிவிட்டு அடுத்ததைக் கேட்க ஆரம்பித்தால் சமாளிக்க ஏதாவது வேலை கொடுப்பார்கள், அப்படிப்பட்ட ஏமாற்றுக்காரர்களாகவே இருக்கலாம். ஆனால் இதே பாணியில் உலகத்தில் இப்போது வேறொன்று நடக்கிறது. 2025 செப்டம்பரில் நெதர்லாந்தில் 17 வயதுப் பையன்கள் இரண்டு பேரைக் கைது செய்தார்கள். ஹேக் நகரத்தில் ஐரோப்பியக் காவல், நீதி அமைப்புகளான யூரோபோல், யூரோஜஸ்ட் அலுவலகங்கள், கனடா தூதரகம் வழியாக வைஃபை சிக்னல்களைப் பிடிக்கும் கருவியோடு ஒருவன் நடந்தான் என்று சந்தேகம். ரஷ்யா ஆதரவு ஹேக்கர்கள் டெலிகிராமில் பிடித்த பையன்கள் என்று செய்தி வந்தது. தன் மகன் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தபோது போலீஸ் வந்ததாக ஒரு தகப்பன் பத்திரிகையிடம் சொன்னார். அந்தத் தகப்பனுக்கு அதுவரை எதுவும் தெரியாது.

உக்ரைனில் இன்னும் மோசம். 2025 மார்ச்சில் இவானோ-பிரான்கிவ்ஸ்க் என்ற ஊரில் ஒரு வெடிப்பு. சுலபமாகப் பணம் கிடைக்கும் என்று டெலிகிராமில் வேலை தேடிய இரண்டு பையன்கள் குண்டை எடுத்துப்போனபோது, கொடுத்தவர்களே அதைத் தொலைவிலிருந்து வெடிக்கவைத்தார்கள் என்று உக்ரைன் பாதுகாப்புப் பிரிவு சொன்னது. 17 வயதுப் பையன் செத்துப்போனான். கூட இருந்த 15 வயதுப் பையனுக்குக் கால்கள் போயின.

பயமுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. படம் அனுப்பிய விஷயத்தையும் புகாரில் மறைக்காமல் எழுதுங்கள் என்பதற்காக எழுதுகிறேன். பையனை அதற்காகப் பிடித்து உள்ளே போட்டுவிடுவார்களோ என்று போனில் அழுதீர்கள். அவன் ஏமாற்றப்பட்ட பிள்ளை. பிள்ளைகளைச் சட்டவிரோதக் காரியத்துக்குப் பயன்படுத்தும் பெரியவர்களுக்குத்தான் 2015-ஆம் வருஷத்துச் சிறார் நீதிச் சட்டம் தண்டனை வைத்திருக்கிறது, ஏழு வருஷம் வரை. அவனை அடிக்காதீர்கள். அவன் அப்பாவிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள், சிங்கப்பூரில் அவருக்குத் தூக்கம் போனாலும் பரவாயில்லை.

கேள்வி: உளவுத்துறைகள் சின்ன வயதிலேயே ஆள் தேடுவதில்லை என்று எப்படிச் சொல்வது சார்? இங்கிலாந்தில் 12 வயதுப் பெண்களுக்குப் போட்டியே வைத்திருக்கிறார்களே?
– பன்னிரண்டாம் வகுப்பு மாணவி, தேவகோட்டை

பதில்: நன்றாகத் தேடியிருக்கிறாய் மகளே. தேடுகிறார்கள் என்பது உண்மை. எடுக்கிறார்களா என்பது வேறு கேள்வி.

இங்கிலாந்தில் தகவல்தொடர்பை ஒட்டுக்கேட்பதற்கென்று ஜி.சி.எச்.க்யூ. என்றொரு அமைப்பு. செல்ட்டனாமில் அவர்களுடைய கட்டடம் உளுந்துவடை மாதிரி வட்டமாக, நடுவில் திறந்தவெளி முற்றத்தோடு இருக்கும். நம் வீட்டு வளவை வளைத்துக் கட்டியது போல. அவர்கள் 2016-லிருந்து ‘சைபர்ஃபர்ஸ்ட்’ என்ற பெயரில் பள்ளிப் பிள்ளைகளுக்கு வகுப்புகள், முகாம்கள் நடத்தினார்கள். நீ சொல்லும் பெண்கள் போட்டி 2017-ல் தொடங்கியது, 12, 13 வயதுப் பெண்கள் குழுவாகச் சேர்ந்து ரகசியக் குறியீட்டுப் புதிர்களை விடுவிக்க வேண்டும். கல்லூரிக்குப் போகிறவர்களுக்கு வருஷம் 4,000 பவுண்டு உதவித்தொகையும் இருந்தது. அமெரிக்காவில் இதே ஒட்டுக்கேட்பு வேலை பார்க்கும் என்.எஸ்.ஏ. இன்னும் ஒரு படி மேலே. 16 வயது ஆன பள்ளி மாணவர்களைப் பாதி நாள் வேலைக்கே எடுக்கிறது, சம்பளத்தோடு. ஆனால் ஒற்று வேலைக்கில்லை, அலுவலக வேலை, கணினி வேலை. இஸ்ரேலில் பதினெட்டு வயதில் பெரும்பாலோர் ராணுவத்துக்குப் போக வேண்டும் என்பதால், கணினியில் கெட்டிக்காரப் பிள்ளைகளைப் பள்ளியிலேயே கண்டுபிடித்து 8200 என்ற ராணுவ உளவுப் பிரிவுக்குப் பார்த்து வைக்கிறார்கள்.

ஏன் இவ்வளவு அவசரம் என்றால், அதே மூளைக்குத் தனியார் கம்பெனிகள் கூடுதல் சம்பளத்தோடு காத்திருக்கின்றன. முந்திக்கொள்ளாவிட்டால் கிடைக்காது.

எனக்கு இது புதிதாகப் படவில்லை. எங்கள் ஐயா, தாத்தாதான், 13 வயதில் கப்பல் ஏறி பர்மாவுக்குப் போனவர். மௌல்மீனில் ஒரு கிட்டங்கியில், கொடுக்கல் வாங்கல் கடையில், பெட்டியடிப் பையன். பெட்டிக்கு அடியில் உட்கார்ந்து மசி கரைப்பது, பாய் விரிப்பது, கடிதத்துக்குப் பசை தடவுவது, வந்த ஆளுக்குத் தண்ணீர் கொடுப்பது, இதுதான் வேலை. கணக்கை எட்டிப் பார்க்கலாம், எழுதக் கூடாது. சாவியைத் தொடவே கூடாது. மூன்று வருஷக் கணக்கு ஒன்று, அதாவது ஒரு தவணை, முடித்து ஊருக்கு வந்து, மறுபடி போய், அப்புறம்தான் அடுத்தாள், அதாவது உதவியாள். கடையை நடத்தும் மேலாள் ஆகும்போது அவருக்கு முப்பது தாண்டிவிட்டது. அத்தனை வருஷமும் பையனுக்குத் தெரியாமல் அவனைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். ஒருநாள் பாயின் கீழே ஒரு ரூபாய் கிடந்ததாம். எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தாராம். அது தானாக விழுந்த ரூபாயா, யாராவது போட்டு வைத்ததா என்று சாகும் வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்.

வெளிநாட்டு அமைப்புகள் நிதானமாகச் செய்வதும் இதுதான். சோவியத் ஆட்கள் கிம் ஃபில்பி என்ற இங்கிலாந்துக்காரரை 1934-ல் தங்கள் ஒற்றராகச் சேர்த்தபோது அவருக்கு 22 வயது, கேம்பிரிட்ஜ் முடித்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. பிரிட்டிஷ் உளவுத்துறைக்குள் அவர் நுழைந்தது 1940-ல். ஆறு வருஷம் காத்திருந்தார்கள். நீண்ட நாளைக்கு வேண்டிய ஆளை அவசரமாக எடுக்க மாட்டார்கள்.

அந்தப் பெண்கள் போட்டியில் எனக்குப் பெரிய குறை இல்லை. பள்ளிக்கூடத்தில், டீச்சருக்கும் பெற்றோருக்கும் தெரிந்து நடக்கிறது. ஒரே ஒரு நெருடல். நீ புதிர் போடும்போது புதிரை மட்டும் பார்க்கிறாய், எதிரே இருப்பவர் உன்னைப் பார்க்கிறார். பன்னிரண்டு வயதில் அது புரியாது. எங்கள் ஐயாவுக்கே எழுபது வயதுவரை புரியவில்லை.

கேள்வி: நேதாஜியின் படைக்காக ரங்கூனில் 16 வயதுத் தமிழ்ப் பெண் உளவு பார்த்ததைப் பெருமையாகச் சொல்கிறோம். அப்போது சரியானது இப்போது எப்படித் தப்பாகும்?
– ஓய்வு பெற்ற தமிழாசிரியர், பள்ளத்தூர்

பதில்: ஐயா, நான் குறளின் ஒற்றாடல் அதிகாரத்தை எடுத்துக்கொண்டு வருவேன் என்று காத்திருப்பீர்கள். அதை உங்களிடமே விட்டுவிடுகிறேன்.

நீங்கள் சொல்வது சரஸ்வதி ராஜாமணியை. 1927-ல் ரங்கூனில் பிறந்தவர். அவரே சொன்ன வரலாற்றின்படி, சின்னப் பெண்ணாக இருந்தபோது தன் நகைகளை எல்லாம் இந்திய தேசிய ராணுவத்துக்குக் கொடுத்தார். திருப்பிக் கொடுக்க வந்த நேதாஜியிடம் வாங்க மறுத்துவிட்டார். பிறகு முடியை வெட்டி, பையன் வேஷத்தில் பிரிட்டிஷ் அதிகாரிகளிடம் எடுபிடியாக இருந்து தகவல் கொண்டுவந்தார். மாட்டிக்கொண்ட தோழியை மீட்டு ஓடிவரும்போது காலில் குண்டு பாய்ந்தது. 2018 ஜனவரியில் சென்னையில் காலமானார். கடைசி வரை எளிமையாகத்தான் வாழ்ந்தார். பர்மாவில் வேர்விட்ட நம் பக்கத்துக் குடும்பங்களில் அந்தக் காலத்தை நேரில் பார்த்தவர்களிடம் நானும் கதை கேட்டிருக்கிறேன். அந்த அம்மாள் மீது எனக்கு இருக்கும் மரியாதை குறையவே குறையாது.

ஆனால் ஐயா, கேள்வியை அந்தப் பெண்ணிடம் கேட்காதீர்கள். அனுப்பியவர்களிடம் கேளுங்கள். அந்த வயதுக்குத் தைரியம் இருக்கும், பயம் இருக்காது. சம்மதம் கேட்டால் உடனே கிடைக்கும். அதனால்தான் அந்த வயதை விட்டுவிட வேண்டும் என்று பிற்காலத்தில் உலகம் ஒரு முடிவுக்கு வந்தது. 2007-ல் பாரிஸில் வகுத்த கோட்பாடுகள், படையில் சேர்க்கப்பட்ட பிள்ளைகள் என்று யாரைச் சொல்வது என்று பட்டியல் போட்டபோது, துப்பாக்கி பிடித்தவர்களோடு சமையல் செய்தவர்கள், சுமை தூக்கியவர்கள், தூது போனவர்கள், உளவு பார்த்தவர்கள் எல்லோரையும் சேர்த்தே எழுதின.

இன்னொன்றும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அர்த்தசாஸ்திரத்தில் ‘சத்திரி’ என்று ஒருவகை ஒற்றர் வருகிறார்கள். யார் அவர்கள்? உற்றார் உறவினர் இல்லாத, அரசே சோறு போட்டுக் காப்பாற்ற வேண்டிய பிள்ளைகள். அவர்களுக்கு ஜோசியம், வித்தை, சாஸ்திரம் கற்பித்து ஒற்றராக்குவது. இதை முதல் முறை படித்தபோது என்ன ஒரு மதிநுட்பம் என்று வியந்தேன். இரண்டாவது முறை, எனக்குப் பிள்ளை பிறந்த பிறகு படித்தேன். காணாமல் போனால் “எங்கே என் பிள்ளை?” என்று கேட்க ஆள் இல்லாத பிள்ளையாகப் பார்த்துத்தானே எடுத்திருக்கிறார்கள் என்று தோன்றியது.

யாருமே பிடிக்காமல் தானாகப் போன பிள்ளைகளும் உண்டு. அமெரிக்காவின் அணுகுண்டுத் திட்டத்தில் 18 வயதில் வேலைக்குச் சேர்ந்த டெட் ஹால் என்ற மேதை, 1944 அக்டோபரில் விடுமுறைக்கு நியூயார்க் போனவர், தானே சோவியத் ஆட்களைத் தேடிப்போய் ரகசியத்தைக் கொடுத்தார். அப்போதுதான் 19 வயது. ஒரே நாட்டிடம் மட்டும் அந்தக் குண்டு இருப்பது உலகத்துக்கு ஆபத்து என்று அவருக்குப் பட்டது. வழக்கே போடவில்லை, 1999-ல் வயதாகித்தான் இறந்தார். அவர் செய்தது சரியா தப்பா என்று இரண்டு பக்கமும் இன்னும் சண்டை போடுகிறார்கள். நான் அந்தச் சண்டைக்குப் போகவில்லை.

கேள்வி: திருட்டு வண்டி விற்கும் கும்பலைப் பற்றி ரகசியமாகத் தகவல் சொல்லச் சொல்லி என் தம்பியை ஒரு போலீஸ்காரர் கேட்கிறார். அவனுக்கு 16 வயது. சொல்லலாமா?
– ஒரு அக்கா, புதுவயல்

பதில்: பார்த்ததைச் சொல்வது வேறு. அந்தக் கும்பலோடு பழகி, போய்வந்து சொல்வது வேறு. முதலாவது என்றால் உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவரோடு ஸ்டேஷனுக்குப் போய்ச் சொல்லட்டும். இரண்டாவது வேண்டவே வேண்டாம். போலீஸ்காரர் நல்ல எண்ணத்தில் கேட்டிருந்தாலும் வேண்டாம்.

இங்கிலாந்தில் சட்டமே அனுமதித்து இதைச் செய்கிறார்கள். 2015 ஜனவரி தொடங்கி நாலு வருஷத்தில் பதினேழு முறை 18 வயதுக்குட்பட்டவர்களை ஒற்றராகப் பயன்படுத்தினார்கள் என்று கண்காணிப்பு அதிகாரி கணக்குச் சொன்னார். அதில் ஒரு பிள்ளைக்கு 15 வயது. ஒரு 17 வயதுப் பெண்ணை, அவளைச் சீரழித்தவனோடு தொடர்பைத் துண்டிக்காமல் இருந்து தகவல் தரச் சொன்ன கதை நாடாளுமன்றம் வரை போனது. ஒரு அமைப்பு வழக்குப் போட்டது, 2019-ல் தோற்றது. அந்தச் சட்டத்திலேயே ஒரு விதி மட்டும் எனக்குப் பிடிக்கும். 16 வயதுக்குட்பட்ட பிள்ளையை அதன் சொந்தத் தாய் தகப்பனை வேவு பார்க்க வைக்கக் கூடாது. அதையும் எழுதித்தான் வைக்க வேண்டியிருந்திருக்கிறது, பாருங்கள்.

உங்கள் தம்பியை அந்த அதிகாரி விடாமல் நச்சரித்தால் பிள்ளைகளுக்கான உதவி எண் 1098-க்குச் சொல்லுங்கள்.

கேள்வி: ஐபியில் சேர இப்போதிருந்தே என்ன பயிற்சி எடுக்கணும்? நான் கராத்தே கற்றுக்கொள்கிறேன்.
– ஒன்பதாம் வகுப்பு மாணவர், கானாடுகாத்தான்

பதில்: தம்பி, கராத்தே உடம்புக்கு நல்லது, தொடர்ந்து செய். முப்பத்திரண்டு வருஷத்தில் நான் யாரையும் அடித்ததில்லை. ஒரு முறை பயணி ஒருவர் என்னை அடிக்க வந்தார், அவ்வளவுதான். நீ ஒரு மொழியை நன்றாகக் கற்றுக்கொள். இந்தி இல்லாவிட்டால் மலாய், பர்மியம், சீனம், எதுவானாலும். நாளிதழ் படி. பொறுமையாக உட்காரப் பழகு. பத்து மணி நேரம் முகத்தையும் போட்டோவையும் மாறி மாறிப் பார்க்கிற வேலைக்கு அதுதான் முதல் தகுதி. 18 வயது ஆனதும் அறிவிப்பு வரும்போது விண்ணப்பம் போடு. கட்டணம் சில நூறு ரூபாய்தான். ஆயிரக்கணக்கில் யாராவது கேட்டால் முதல் கேள்வியை மறுபடி படி.

கேள்வி: நீங்கள் என்ன வேலை பார்த்தீர்கள் என்று உங்கள் வீட்டுக்கு உண்மையிலேயே தெரியுமா?
– ‘சும்மா கேட்கிறேன்’ என்று எழுதியவர், காரைக்குடி

பதில்: எங்க ஆத்தா, அம்மாதான், ஒரு முறை மலேசியாவிலிருந்து திரும்பும்போது என் கவுன்டர் வரிசையில் நின்றது. சொந்தக்காரர்களுக்கு நானே முத்திரை குத்துவதில்லை என்று வைத்திருந்தேன், பக்கத்துக் கவுன்டருக்குப் போகச் சொன்னேன். ஆத்தாவுக்கு வந்த கோபம் ஊர் வந்து மூன்று நாள் ஆகியும் தீரவில்லை. அதற்கப்புறம் யார் கேட்டாலும், திங்கட்கிழமைச் சந்தையில் காய்காரம்மா கேட்டாலும், ஒரே பதில்தான்: “ஏர்போர்ட்ல சீல் குத்துறான். பெத்தவளுக்குக் குத்த மாட்டான்.”